இத்தாலியில் எங்கே சாப்பிடுவது

"படகுத்துறையிலிருந்து இடதுபக்கம் திரும்பினால் மூன்றாவது கடை. தக்காளி பாஸ்தா நன்றாக இருக்கும். நெத்திலி வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடவும். சொல்லாவிட்டால் சாஸில் கரைத்துவிடுவார்கள், கண்ணுக்குத் தெரியாது. இரவுச் சாப்பாடு ஏழரைக்கு முன் எந்தக் கடையிலும் கிடைக்காது. சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் அறையிலேயே ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்பவும்."

இதை எழுதியவள் நான்தான். அந்தக் கடையை நான் பார்த்ததில்லை. அந்த ஊரைப் பார்த்ததில்லை, இத்தாலியையே பார்த்ததில்லை. இனிமேல் பார்க்கிற எண்ணமும் இல்லை.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருடக் கோடையில் அங்கே ஒரு கல்யாணம் நடந்தது. பெண், இங்கே கலிபோர்னியாவில், பிளசன்டனில் இருந்த ஒரு தமிழ் டாக்டரம்மாவின் ஒரே மகள். மாப்பிள்ளை நியூ ஜெர்சிக்காரன். அவனுடைய தாத்தா அந்தக் கடலோர ஊரிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியவர். அதனால் அவர் பிறந்த ஊரிலேயே, கடலைப் பார்த்த ஒரு ஓட்டல் தோட்டத்தில் கல்யாணம் என்று முடிவாயிற்று. இந்தப் பக்கமிருந்து அறுபது பேர், அந்தப் பக்கமிருந்து அறுபது பேர்.

அந்தப் பெண்ணை எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லாவிட்டால் என் கோபம் யாருக்கும் புரியாது. தொண்ணூறில் நாங்கள் சன்னிவேலுக்கு வந்தபோது அவர்கள் எங்கள் அபார்ட்மென்ட்டுக்குக் கீழ்வீடு. டாக்டரம்மா அப்போது ஆஸ்பத்திரியில் ரெசிடென்சி பயிற்சியில் இருந்தார். போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. கணவர் ஏதோ ஒரு கம்ப்யூட்டர் சிப் கம்பெனியே கதி என்று கிடந்தார். எனக்கு வேலை பார்க்க அனுமதியில்லாத விசா, குழந்தையும் இல்லை. பெண் ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டால் புத்தகப்பையோடு நேராக எங்கள் வீட்டுக்கு ஏறி வருவாள்.

ஹைஸ்கூல் முடிகிறவரை அப்படித்தான் வந்தாள். ரசம் சாதம் சாப்பிடப் பழக்கியது நான். அவள் வயதுக்கு வந்தபோது முதலில் சொன்னது என்னிடம்தான். எங்கள் பாத்ரூம் கதவைப் பாதி திறந்து, "ஆன்ட்டி, டோன்ட் டெல் அப்பா" என்றாள். ஃப்ரீவே என்றாலே நடுங்குகிற நான் லைசன்ஸ் வாங்கியது அவளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போகத்தான். நான் தமிழில் பேசுவேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். எங்களுக்குள் பேச்சு தடைப்பட்டதே இல்லை. என் பெண் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்கு நாலைந்து மாதம் இருக்கும்போது டாக்டரம்மா போன் செய்தார். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவது வழக்கம்.

"அந்த ஓட்டல்காரன் கெஸ்ட்ஸுக்குன்னு ஒரு பேப்பர் அனுப்பிருக்கான் மா. எங்க சாப்பிடலாம், எங்க சுத்திப் பாக்கலாம்னு. முதல் ஐட்டமே ஆக்டோபஸ் சாலட். நம்ம ஆளுங்க பாதிப் பேர் வெஜிடேரியன். நீதான் இத ஹேண்டில் பண்ணணும்."

"நான் இத்தாலிக்கே போனதில்லயே அக்கா."

"போனவங்களுக்கு நம்ம ஆளுங்களப் பத்தித் தெரியாதே. யார் வெங்காயம் தொட மாட்டாங்க, யாருக்கு முட்டி வலி, எல்லாம் உனக்குத்தான் அத்துப்படி. நீ இல்லாம இந்தக் கல்யாணம் நடக்குமா சொல்லு."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மறுநாளே லைப்ரரிக்குப் போய் இத்தாலியைப் பற்றி இருந்த பயணப் புத்தகங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு என் காலைகளெல்லாம் இத்தாலியில்தான் கழிந்தன. இங்கே காலை பத்து மணி என்றால் அங்கே மாலை ஏழு, கடைகள் அடுப்பு மூட்டுகிற நேரம். காலிங் கார்டைச் சுரண்டி நம்பரைப் போட்டு ஒவ்வொரு கடையாகக் கூப்பிட்டேன். மாலைக் கல்லூரியில் இத்தாலிய வகுப்பெடுத்த ஒரு கிழவரிடம் கேட்டு இரண்டே வாக்கியம் மனப்பாடம் செய்திருந்தேன். இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல், கோழிச்சாறு இல்லாமல் என்ன தருவீர்கள் என்பது ஒன்று. மெதுவாகப் பேசுங்கள் என்பது மற்றொன்று. ஒரு கடைக்காரர் அரைகுறை இங்கிலீஷில், வரப்போகிறவர்களுக்கு உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை, பழக்கம் அப்படி என்றேன். அப்படியானால் வேகவைத்த உருளைக்கிழங்கு தருகிறேன், ஆண்டவர் காப்பாற்றட்டும் என்றார்.

தலையால் தண்ணீர் குடித்துத்தான் ஒவ்வொன்றையும் தெரிந்துகொண்டேன். அங்கே அரிசியைக்கூட மாட்டெலும்புச் சாற்றில் வேகவைப்பார்கள். சில சீஸில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறை சேர்கிறது. காபி என்று மட்டும் கேட்டால் சங்கு அளவு கோப்பையில் கசாயம் வரும். பால் வேண்டுமென்றால் அதைச் சொல்லிக் கேட்க வேண்டும். கடலைமாவைக் கரைத்துப் பெரிய தட்டில் ஊற்றி அடுப்பில் வேகவைக்கிற ஒரு பண்டம் உண்டு. கொஞ்சம் மிளகு தூவினால் அடைக்குத் தங்கச்சி மாதிரி இருக்கும் என்று அதைப் பற்றி எழுதினேன். சாப்பிட்டுப் பார்த்ததில்லை, புத்தகத்தில் இருந்த படத்தை வைத்துச் சொன்னதுதான்.

ஊர் சுற்றுவதிலும் அதே கதை. ஓட்டல்காரன் எல்லோரையும் மலைமேல் சர்ச்சுக்கு ஏறச் சொல்லியிருந்தான். சான் ஹோசேயிலிருந்து வரப்போகிற முட்டிவலி அங்கிளால் அது நடக்குமா? அவருக்குத் தீவுக்குப் போகும் படகு, இறங்கின இடத்திலேயே நிழலும் பெஞ்சும். சர்ச்சுக்குள் தோள் தெரிய உடுத்திக்கொண்டு போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள், அதனால் ஸ்லீவ்லெஸ் ஜாக்கெட்காரிகளுக்கு ஒரு சால்வை. படகில் தலை சுற்றுகிற ஆன்ட்டிக்கு ரயிலில் போகிற பக்கத்து ஊர். ஒவ்வொருவர் முகத்தையும் மனதில் வைத்துத்தான் ஒவ்வொரு வரியும் எழுதினேன்.

இதற்கிடையில் பத்திரிகைகள் போயின. அமெரிக்க வழக்கப்படி உள்ளே ஒரு சின்னக் கார்டு. வருகிறேன், வரவில்லை என்று குறித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். நம் ஆட்கள் ஒருவர்கூட அனுப்பவில்லை. "அதான் போன்ல வரேன்னு சொல்லிட்டேனே, அப்பறம் எதுக்குக் கார்டு?" என்றார்கள். டாக்டரம்மா அந்த வேலையையும் என் தலையில் கட்டினார். வீடு வீடாகக் கூப்பிட்டு, "ப்ளீஸ் ஆன்ட்டி, அந்தக் கார்ட மறக்காம மெயில் பண்ணிடுங்க" என்று கெஞ்சினேன்.

எங்கள் வீட்டுக்கு அந்தக் கார்டு வரவே இல்லை. அது எனக்கு உறைக்கவும் இல்லை. எங்கள் பக்கத்தில், கல்யாண வேலையை இழுத்துப்போட்டுச் செய்கிறவளுக்கு யாரும் பத்திரிகை நீட்ட மாட்டார்கள். நீட்டினால்தான் அவளுக்குக் கோபம் வரும், என்னை வெளியாள் ஆக்கிவிட்டாயா என்று. பத்திரிகை வராதது எனக்கு ஒரு மரியாதையாகவே பட்டது. என் கணவர்தான் ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார்.

"ஊருக்கெல்லாம் கார்டு அனுப்பச் சொல்ற. நமக்கு வந்துச்சா?"

"வீட்டு மனுஷாளுக்கு என்ன கார்டு?" என்று அவர் வாயை அடைத்தேன்.

அவருக்கு லீவு கிடைக்காது, நான் மட்டும் போவதாக ஏற்பாடு. ரயிலேறி சான் ஃபிரான்சிஸ்கோ போய், வரிசையில் நின்று, பாஸ்போர்ட்டில் விசாவும் குத்தி வாங்கி வந்தேன். மாம்பழக் கலரில் ஒரு பட்டுப்புடவையை அம்மாவிடம் சொல்லி ஊரிலிருந்து வரவழைத்தேன்.

ஒரு சனிக்கிழமை பிளசன்டனில் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து, ஓட்டலில் யாருக்கு எந்த அறை என்று பிரித்துக்கொண்டிருந்தோம். டாக்டரம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மாடிப்படி ஏற முடியாதவர்களுக்குக் கீழே, குறட்டை விடுகிறவர் தனியே. எல்லோரையும் படுக்க வைத்தாகிவிட்டது.

"சரிக்கா, என்னை யார் ரூம்ல தள்ளப்போறீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"நீயும் வரியா?"

வேடிக்கையாகக் கேட்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்ததும் இல்லை என்று தெரிந்தது.

"மாப்பிள்ளை வீட்ல ஸ்ட்ரிக்டா நம்பர் குடுத்துட்டாங்க மா. அவ காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் வேற நிறைய. லிஸ்ட் முழுக்க அவதான் போட்டா, நான் கையே வைக்கல. இங்க வந்தப்பறம் பெருசா ஒரு ரிசெப்ஷன் வைப்போம், அதுக்கு நீ இல்லாமயா? நீ தப்பா எடுத்துக்க மாட்ட. நீ நம்ம வீட்டுப் பொண்ணு."

நம்ம வீட்டுப் பொண்ணு. அறுபது வெளியாட்களுக்கு இடம் இருந்தது, வீட்டுப் பெண்ணுக்குத்தான் இல்லை. அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். பாழாய்ப்போன பழக்கம், "பரவால்லக்கா" என்றுதான் வாயில் வந்தது. மீதி அறைகளையும் எழுதி முடித்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கத்தினேன்.

"பழியத் தூக்கிப் பொண்ணு மேல போடறா பாருங்க. அவ என்னை விடுவாளா? எல்லாம் இவ வேலை. டாக்டர் ஆனதும் கீழ்வீட்ல இருந்தது மறந்துபோச்சு."

"கறிவேப்பிலையா இருந்திருக்க. இப்பவாவது அந்தப் பேப்பரத் தூக்கிப் போடு" என்றார்.

தூக்கிப் போடவில்லை. வேகவைத்த உருளைக்கிழங்கோடு கிழங்கட்டைகள் பட்டினி கிடப்பார்களே என்று சாக்குச் சொன்னேன். உண்மையில், கல்யாணம் என் பெண்ணுடையது. அம்மா செய்த காரியத்துக்கு அவள் என்ன செய்வாள்? அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தை எழுதி அனுப்பினேன். அச்சாகி வந்தபோது அடியில், அன்புடன் மணமகளின் பெற்றோர் என்று இருந்தது. எல்லோரும் டாக்டரம்மாவைப் பாராட்டினார்களாம். அதுவும் அந்தம்மாவின் வேலைதான் என்று என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை பதினோரு மணிக்கு போன் அடித்தது. எடுத்தால் பெண். பின்னால் ஒரே சத்தம், தட்டும் கிளாஸும் மோதுகிற ஒலி.

"ஆன்ட்டி, ஹெல்ப். நாளைக்குக் காத்து ஜாஸ்தியாம், ஐலண்ட் போட் கேன்சல்டுன்னு சொல்லிட்டாங்க. எல்லாரும் லாபில உக்காந்துட்டு என்னையே பாக்கறாங்க. வாட் எல்ஸ் கேன் தே டூ?"

கல்யாண நாளன்று அழாதவள் அந்தக் குரலைக் கேட்டதும் கொஞ்சம் கலங்கித்தான் போனேன். எத்தனையோ பேர் கூட இருக்கும்போது என்னைத்தானே கூப்பிட்டாள். அவளே என் பெயரை விட்டிருந்தால் இப்படிக் கூப்பிடுவாளா? கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கல்யாணம் நல்லா ஆச்சா மா?" என்றேன்.

"இட் வாஸ் பெர்ஃபெக்ட், ஆன்ட்டி."

அப்போது பக்கத்தில் அவளுடைய கணவன், யார் அது என்று இங்கிலீஷில் கேட்டது காதில் விழுந்தது. அவள் போனை மூடிக்கொள்ளவில்லை. மூட வேண்டிய விஷயம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. சிரித்துக்கொண்டு, ரொம்பப் பிரியமாகவே சொன்னாள்.

"மை ஓல்ட் பேபிசிட்டர். த டிராவல் கைட் வாஸ் ஆல் ஹெர்."

அவன் போனை வாங்கி, எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டார்கள் என்று மரியாதையாக எனக்கு நன்றி சொன்னான். அவன் பேரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவள் பேரிலும் என்ன சொல்வது? பொய் சொல்லவில்லை, இளப்பமாகவும் சொல்லவில்லை. பழைய பேபிசிட்டரைக் கல்யாணத்துக்கு யார் கூப்பிடுகிறார்கள்? டாக்டரம்மா சொன்னது அத்தனையும் நிஜம். லிஸ்ட்டில் அவர் கை வைக்கவே இல்லை.

போன் மறுபடி அவள் கைக்குப் போயிற்று. "ஆன்ட்டி? ஆர் யூ தேர்?" என்றாள். இருக்கிறேன் என்றேன். மலைக்குப் பின்னால் எலுமிச்சைத் தோட்டங்கள் உள்ள ஒரு ஊர் இருக்கிறது, சர்ச்சு வாசலிலிருந்து காலையில் பஸ் போகும், டிக்கெட்டைப் புகையிலைக் கடையில் முன்னாலேயே வாங்கிக்கொள்ள வேண்டும், முட்டிவலி அங்கிளை முன்சீட்டில் உட்கார வை, வளைவுகள் அதிகம் என்று வரிசையாகச் சொன்னேன். குரல் எங்கும் பிசகவில்லை. யூ ஆர் த பெஸ்ட் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

குழந்தைகள் உண்டா என்று இந்த ஊரில் புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். அன்றிலிருந்து, இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.