வெளியூர் டீமுக்குக் கை தட்டியவர்

அமெரிக்காவில் ஆலன் என்ற ஊரில் எங்கள் கன்சல்டிங் கம்பெனி பிடித்துக் கொடுத்த அபார்ட்மெண்டில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். மூத்தவரை சார் என்போம். ஒல்லி உடம்பு, மை பூசிய மீசை. எந்த நேரமும் இன்டர்வியூவுக்குக் கூப்பிடலாம் என்பதுபோல ஞாயிற்றுக்கிழமையும் சட்டையை டக் இன் பண்ணி பெல்ட் போட்டிருப்பார்.

டிவியில் அமெரிக்கன் ஃபுட்பால் ஓடும்போது நாங்கள் மூவரும் உள்ளூர் டீமுக்காகக் கத்துவோம். குடியிருக்கும் ஊருக்கு அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? சார் மட்டும் வெளியூர் டீமுக்குக் கை தட்டுவார். அடுத்த வாரம் அதே டீம் தன் சொந்த ஊரில் ஆடினால், அங்கே ஆட வந்தவர்களுக்குத் தட்டுவார்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் கேட்டேன்.

"சார், உங்க டீம்தான் எது?"

"என் டீமெல்லாம் எப்பவோ மூடியாச்சுப்பா. இந்த லீக் ஆரம்பிச்ச காலத்துல சில டீமுக்கு சொந்த கிரவுண்டே கிடையாது. பேருக்கு ஒரு ஊர் இருக்கும். ஆனா எல்லா மேட்ச்சும் அடுத்தவன் ஊர்லதான். டிரெயின்ல போவாங்க, ஆடுவாங்க, அடுத்த ஊருக்குக் கிளம்பிடுவாங்க."

"ஜெயிச்சா?"

"ஜெயிச்சாலும் எவன் கை தட்டுவான்? அதான் இப்ப நான் தட்டறேன்."

அந்த மாதமே அவருடைய ப்ராஜெக்ட் முடிந்தது. நியூ ஜெர்சியிலிருந்து இங்கே வந்தவரை இப்போது சான் ஹோசேக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். ஏர்போர்ட்டில் நான்தான் இறக்கிவிட்டேன். பெட்டியை உருட்டிக்கொண்டு அவர் உள்ளே போனபோது எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. சுற்றிலும் ஆட்கள் இருந்ததால் கையை மட்டும் ஆட்டினேன்.