ஒரே மீட்டரில் இரண்டு மெஷின்கள்

பால் ஆலையில் பதினோரு வருஷம் எவர்சில்வர் குழாய்களுக்கு வெல்டிங் வைத்தவள் அவள். அவள் போட்ட இணைப்பில் விரலை ஓட்டினால் நெருடாது. ஆட்குறைப்பு என்று வந்தபோது அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? வீட்டின் பின்னறையிலேயே பட்டறை போடுவது என்று முடிவுகட்டினாள். லாரி ஓட்டும் கணவன், "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு வண்டியேறிப் போனான்.

வெல்டிங் சாமான் கடைக்காரர் அலுமினியமும் ஒட்டுகிற பெரிய டிக் வெல்டிங் மெஷினை அவள் தலையில் கட்டப் பார்த்தார்.

"எனக்கு எவர்சில்வர் வேலைதான் அண்ணே. சின்ன டிசி மெஷினே போதும். ஆனா கரண்டைக் கூட்டிக் குறைக்க கால் பெடல் கண்டிப்பா வேணும். வீட்டு லைன் தாங்குமா?"

"தாராளமா தாங்கும்மா."

ஆர்கான் சிலிண்டரைச் சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டினாள். காற்றடித்து வாயு கலையாமலிருக்க ஜன்னலைச் சாத்தினாள். டங்ஸ்டன் கம்பியைப் பென்சில் மாதிரி கூராகத் தீட்டி வெல்டிங் டார்ச்சில் செருகி, அறுபது ஆம்பியர் வைத்துப் பெடலை மிதித்தாள். இணைப்பு இரண்டு அங்குலம் வழவழவென்று ஓடியது. அப்புறம் வீடே இருண்டது. மாடியில் ஏதோ வீறிட்டது.

மாடியில் கணவனின் அண்ணன். நுரையீரல் கெட்டுப்போய், மூக்கில் குழாயோடு, ஆக்சிஜன் மெஷினை நம்பி இருப்பவர். வீறிட்டது அந்த மெஷினின் அலாரம். அவள் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள். ஓரகத்தி, கரண்ட் போனால் உதவும் ஆக்சிஜன் கைச் சிலிண்டரின் திருகைத் திறக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தாள். அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. 'ஒன்றுமில்லை' என்பது போலக் கையை மட்டும் அசைத்தார்.

"மெஷின்ல ஒரு குத்தமும் இல்லம்மா. வீட்டுக்கு வர்ற லைனே ஒல்லி. இதையும் மாடி மெஷினையும் ஒண்ணா தாங்காது. தனி லைன் கேளுங்க" என்றார் எலக்ட்ரீஷியன். மின் அலுவலகத்துக்கு நாலு தடவை நடந்தாள். டிரான்ஸ்பார்மரில் இடமில்லையாம்; புதுசு எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியாதாம். ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தாள். அதன் புகை நேராக மாடிப்படி ஏறியது; அன்றைக்கே திருப்பி அனுப்பினாள்.

"நான் அரை மணி நேரம் ஆக்சிஜன் சிலிண்டர்ல இருந்துக்கறேன். நீ வேலையைப் பாரும்மா" என்று மாடியிலிருந்தவரே ஒருநாள் சொன்னார்.

"வேணாம் அத்தான்."

பிடிவாதம் பிடித்தார். கீழே அவள் கண் குழாயிலும் காது மாடியிலுமாக நின்றாள். குழாய் பொத்துக்கொண்டது. பெடலிலிருந்து காலை எடுத்தாள்.

அடுத்த மாதம் அவருக்கு மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு நாள் அவள் பின்னறைப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் ஓரகத்தி போன் செய்தாள்.

"லைன் சும்மாதானே கிடக்கு. போட்டுக்கோ. அவர்தான் சொல்லச் சொன்னார்."

ஓட்டல்காரர் ஒருவர் கேட்டிருந்த சமையலறைக் குழாய்களை எடுத்தாள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை வேலை. மீன் செதில் அடுக்கியது போல இணைப்புகள் வந்து விழுந்தன. தன்னையறியாமல் பாட்டுக்கூட முணுமுணுத்தாள். போன் அடிக்கும்போதெல்லாம் பெடலிலிருந்து காலை எடுத்தாள். என்ன சேதியை எதிர்பார்க்கிறோம் என்று தன்னைக் கேட்டுக்கொள்ளவே பயந்தாள்.

பத்தாம் நாள் அவரை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். படியடியில் நிறுத்தச் சொன்னார்.

"வேலை முடிஞ்சுதா?"

"பாதி முடிஞ்சுது அத்தான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் பின்னறைக்குப் போய் ஆர்கான் சிலிண்டரை மூடி, வெல்டிங் மெஷினின் பிளக்கைப் பிடுங்கினாள். அதற்கப்புறம்தான் மாடியில் ஆக்சிஜன் மெஷினைப் போட்டார்கள்.

மறுநாள் ஓட்டல்காரர் போன் செய்து மீதிக் குழாய்களைக் கேட்டார்.

"வேற ஆளைப் பாத்துக்குங்க அண்ணே" என்றாள்.