அகலத் திறந்து வைத்த ஃபில்டர்

ஆய்வு நடந்த அன்று என் வீட்டுக்கு முன்னால் இருந்தவர்கள்: செங்கல் சூளை முதலாளி, அவர் மகன், ஜீப்பில் வந்த மின்வாரியப் பொறியாளர், அவருடைய உதவியாளர், நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். என் நைனா அந்த முதலாளியின் சூளையில் கல் சுமந்துகொண்டிருந்தார். எங்கள் ஊர் லைன்மேன் தன் மகளுக்குக் காது குத்தப் பழையசீவரம் மலைக்குப் போயிருந்தார். அவர் ஊரில் இருந்திருந்தால் வெளியாள் வருகிறார், மறைக்க வேண்டியதை மறைத்துவிடுங்கள் என்ற செய்தி ஜீப்புக்கு முன்னால் சூளைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். நானும் தோற்றிருப்பேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அமெச்சூர் ரேடியோ தேர்வு எழுதி உரிமம் வாங்கினேன். பேசவும் கேட்கவும் பழைய டிரான்சீவர் ஒன்றை வாங்கி, கூரைக்கு மேல் சவுக்குக் கழி நட்டு ஒயர் கட்டினேன். காலை நேரத்தில் கோயம்புத்தூரும் விஜயவாடாவும் இலங்கையும் பக்கத்து வீடு போலப் பேசும். நானும் பேசுவேன்.

அந்தப் பேச்சைக் கெடுத்தது சூளை. அங்கே மோட்டார் ஓடத் தொடங்கினால் என் ஸ்பீக்கரில் தகரத்தைக் கிழிப்பது போல ஒரு கரகரப்பு. ரிசீவரில் ஃபில்டர் என்பது ஏரி மதகின் பலகை மாதிரி. ஏற்றினால் தண்ணீரோடு செத்தையும் வரும். இறக்கினால் செத்தை நிற்கும், தண்ணீரும் குறையும். மனிதக் குரலுக்கு இரண்டாயிரத்து நானூறு ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். ஆயிரத்து எண்ணூறுக்கு இறக்கினேன். குரல் பானைக்குள்ளிருந்து வந்தது, கரகரப்பு போகவில்லை. ஐந்நூறில் குரலே இல்லை. கடைசியில் இருநூற்றைம்பதில் மோர்ஸ் தட்டல் மட்டும் கேட்டது. பேசுவதற்கு உரிமம் வாங்கியவன் மாதக்கணக்காகத் தட்டிக்கொண்டு கிடந்தேன்.

கையடக்க ரேடியோ ஒன்றை எடுத்துக்கொண்டு சத்தத்தின் வழியே நடந்தேன். நடக்க நடக்க அது ஏறியது. சூளைக்குப் பின்னால் பனைமர மறைவில், மேலே போகும் மின்கம்பியில் கொக்கி மாட்டி மோட்டாருக்கு ஒயர் இழுத்திருந்தார்கள். காற்றடித்தால் கொக்கி ஆடும், பொறி பறக்கும். என் கரகரப்பு அதுதான்.

கொக்கி என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை. சூளைக்குப் போய் மரியாதையாகவே கேட்டேன். "அய்யா, இந்தப் பக்கம் லைன்ல எங்கியோ லூஸ் கான்டாக்ட் கீது. லைன்மேன வுட்டு டைட் பண்ணச் சொல்றீங்களா?"

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாடா, நாலெழுத்து படிச்சிட்டு என் லைனுக்கே வைத்தியம் பாக்க வந்துட்டியா? உங்கப்பன் தலைல சும்மாடு அவுந்து தொங்குது பாரு. மொதல்ல அத்த டைட் பண்ணுடா."

சூளை ஆட்கள் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார். முதலாளி சொன்னதைக்கூட மறந்திருப்பேன். நைனா சிரித்ததை மறக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் என் ஆன்டெனா ஒயர் துண்டு துண்டாக எருக்குழியில் கிடந்தது. வெட்டியவன் முதலாளியின் மகன். டீக்கடையில் அவனே சொல்லிச் சிரித்தான். நான் இன்னும் உயரமான கழி நட்டு மறுபடி கட்டினேன்.

சில வாரத்தில் சூளை மோட்டார் எரிந்தது. ஆடுகிற கொக்கியில் ஓட்டினால் எரியாமல் என்ன செய்யும்? அதே கொக்கியில் புது மோட்டாரை மாட்டிவிட்டு, முதலாளி டீக்கடையில் என்னைப் பிடித்தார். "உன் கம்பிதான்டா என் லைன்ல கரண்ட்ட உறிஞ்சுது. திருட்டு கரண்ட்டு! கலெக்டருக்கே மனு குடுத்து உன் கழியப் புடுங்க வெக்கிறேன் பாரு."

நைனா பயந்துவிட்டார். "எறக்கிடுபா. நமக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு?"

எனக்கோ வயிறு குளிர்ந்தது. முதலாளி வாழ்நாளில் மனு எழுதியதில்லை. அவர் வேலையெல்லாம் ஒரு போனில் முடியும். பட்டாவுக்கு, சுடுகாட்டுப் பாதைக்கு, குடிதண்ணீருக்கு என்று மனு கொடுத்தே கால் தேய்ந்தவர்கள் நாங்கள்தான். கலெக்டர் ஆபீஸ் மனுவுக்கு நம்பர் விழும், பதில் எழுதியாக வேண்டும், விசாரிக்க வெளியாள் வருவார் என்பது எங்கள் தெருக் குழந்தைக்கும் தெரியும்.

"தாராளமா குடுங்க. திங்கக்கெழம குடுத்தாதான் நம்பர் போடுவாங்க. மின்சாரத் திருட்டுன்னு மேலயே எழுதிடுங்க" என்றேன்.

"பாத்தியாடா, அவன் சாவுக்கு அவனே மோளம் அடிக்கிறான்" என்று மகனிடம் சொல்லிச் சிரித்தார். நான் சொன்னபடியே எழுதிக் கொடுத்தார்.

ஜீப் வந்தது. பொறியாளர் உள்ளே வந்து, "எங்கப்பா உன் செட்டு?" என்றார். ஃபில்டர் இருநூற்றைம்பதில் இருந்தது. அப்படியே விட்டிருந்தால் வீடு அமைதியாக இருந்திருக்கும். ஆறாயிரத்துக்குத் திறந்தேன். வால்யூமையும் ஏற்றினேன். கூரை அதிர்ந்தது.

"கேட்டுக்கினீங்களா சார், எப்டி உறிஞ்சுது!" முதலாளி முகத்தில் கல்யாணக் களை.

செட்டை அணைத்தேன். சோலார் தகட்டையும் பேட்டரியையும் காட்டினேன். என் வீட்டு மின்சாரத்தைக்கூட அது தொடவில்லை. பிறகு கையடக்க ரேடியோவைப் போட்டேன். அதிலும் அதே சத்தம். "சார், எந்தப் பக்கம் போனா ஏறுதுன்னு நடந்து பாத்துடலாமா?"

முதலில் முதலாளிதான் முன்னால் நடந்தார். சூளைப் பக்கம் திரும்பியதும் நடை தளர்ந்தது. மகன் பின்தங்கி லைன்மேனுக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. மறுபடி போட்டான்.

"தம்பி, போன வெச்சிட்டு எங்ககூட வாங்க" என்றார் பொறியாளர்.

பனைமரத்தடியில் ரேடியோ அலறியது. பொறியாளர் அண்ணாந்து பார்த்தார்.

"சார், எளநி வெட்டச் சொல்றேன். சாப்ட்டுக்கினே பேசலாம்" என்றார் முதலாளி.

"மனுல கீழ இருக்கிறது உங்க கையெழுத்துதானே?"

கல்லோடு நின்ற ஆட்களில் யாராவது சிரிக்கிறார்களா என்று பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. நைனா தலையில் கல்லோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே அவருக்குச் சூளையில் வேலை போனது. இப்போது புள்ளலூர்ப் பக்கம் வேறு சூளைக்குப் போகிறார். "இன்னாத்த சாதிச்ச?" என்று ஒரு நாள் கேட்டார். என் ஃபில்டர் இரண்டாயிரத்து நானூறில் நிற்கிறது, குரல்கள் முழுசாக வருகின்றன என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லத் தோன்றவில்லை. திருடிய மின்சாரம், அபராதம், வழக்கைத் தவிர்க்கக் கட்டிய சமரசத் தொகை எல்லாம் சேர்த்து அவர்களுக்கு ஆனதைத்தான் சொன்னேன்: நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய்.