படகினி ஊசி

எண்பதுகளில் தங்கச்சிக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. அம்மா அவளை அட்டனில் ரயிலேற்றிக் கொழும்புக்குக் கூட்டிப்போய், ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டுக் கூட்டிவருவாள். அந்த ஊசியில் இருந்தது ஒரு நொதியம். இரத்தத்தில் உள்ள ஒருவகைச் சத்தை அது அழித்துவிடும். அந்தச் சத்துக் கிடைக்காமல் நோய் அணுக்கள் பசியில் சாகும். டாக்டர் இதைச் சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். அம்மாவிடம் இருந்ததோ கடைவீதிச் சிங்களம். அவளுக்குப் பிடிபட்டது ‘படகினி’ என்ற ஒரே சொல், அதாவது பசி. ஊசி போட்டால் பிள்ளைக்குப் பசிக்கும் என்று முடிவுகட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக் கோழி இட்ட முட்டையெல்லாம் தங்கச்சிக்கு. பால்மாவும் அவளுக்கு. எனக்கு ரொட்டியும் சம்பலும். அவளோ முட்டையைப் பார்த்தாலே வாந்தி எடுப்பாள். அப்போதும் எனக்குக் கிடையாது. அவளுக்கே இன்னொன்று அவியும். மற்ற மருந்துகளால் முடி கொட்டிய அந்தத் தலையை அம்மா தடவும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருமுறை நானும் கூடப் போனேன். என் சிங்களம் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகளோடு விளையாடிப் பழகியது. டாக்டர் சொன்னது முழுக்க விளங்கியது. வெளியே வந்ததும் கத்தினேன்.

“பசி நோய்க்குத்தாம்மா! இவளுக்கு இல்ல!”

“நோய் பட்டினி கெடக்கட்டும். எம்புள்ள ஏண்டி கெடக்கணும்?” என்றாள் அம்மா.

தங்கச்சி பிழைத்துவிட்டாள். இப்போது என்னைவிடப் பருமன். வீட்டுக்கு வந்தால் அம்மா முதல் முட்டையை அவள் தட்டில்தான் வைக்கிறாள். அந்த நோய் பசியில் செத்துவிட்டது. என் படகினிதான் இன்னும் சாகவில்லை.