மாமாவின் புது ஷூ

போன ஞாயிற்றுக்கிழமை என் வண்டிக்கு நானே பிரேக் பேட் மாற்றினேன். வீரமெல்லாம் இல்லை, மெக்கானிக் கடை மூடியிருந்தது. போனில் வீடியோவை ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டு ஒருவழியாக மாட்டி முடித்தேன். மாதவரத்தில் எங்கள் தெருவிலேயே வெள்ளோட்டம் போனபோது, ஒரு தள்ளுவண்டி என்னை முந்திக்கொண்டு போனது. “இன்னா நைனா, சாமி ஊர்கோலமா?” என்று சிரித்தார் தள்ளுவண்டிக்காரர். அவருக்கு என் மாமாவைத் தெரியாது. தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டார்.

மாமா, அம்மாவுக்குத் தம்பி. காசிமேட்டில் விசைப்படகு ஓட்டினார். கரையில் ஓட்ட ஒரு பழைய ஸ்கூட்டர் வைத்திருந்தார். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, கொருக்குப்பேட்டையில் அவருக்குப் பெண் பார்க்கப் போவதென்று முடிவானது. அந்த வாரம் ஒருநாள், “அக்கா, புது ஷூ வாங்கினு வந்துட்டேன்” என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் வந்தார். பிறந்ததிலிருந்து ரப்பர் செருப்பில் திரிகிற தம்பிக்குப் புத்தி வந்துவிட்டதே என்று அம்மா பூரித்துப்போனாள். மாமா பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே பிறை வடிவத்தில் நாலு உலோகத் துண்டுகள்.

“இன்னாடா இது?”

“பிரேக் ஷூக்கா. வண்டி நிக்கவே மாட்டேங்குது.”

“இத்த கால்ல மாட்டிகினு போயி பொண்ணு வூட்ல குந்தப் போறியா?”

கேட்டதோடு விடவில்லை. அன்று சாயங்காலமே கடைக்கு இழுத்துப்போய், காலில் போடுகிற ஷூ ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தாள்.

பெண் பார்க்கும் நாள் காலையில், வாசலிலேயே சக்கரங்களைக் கழற்றி மாமா பிரேக் ஷூ மாற்றினார். மாற்றியதில் ஒரு குறையும் இல்லை. ஆனால், காசிமேட்டுக்காரர் கைக்கு ஓர் இரும்பு வந்துவிட்டால் கிரீஸ் தடவாமல் கீழே வைக்க மாட்டார். உப்புக்காற்று அரித்துவிடுமே! புது ஷூவுக்கும், அது உரசவேண்டிய டிரம்முக்கும், அம்மா என் தலைக்கு எண்ணெய் வைப்பதுபோல் வழிய வழியத் தடவினார். உரசினால்தான் வண்டி நிற்கும் என்று அவருக்கு யார் சொல்வது? படகுக்கு ஏது பிரேக்?

அம்மா முன்னதாகவே ரிக்‌ஷாவில் போய்விட்டாள். நான் ஸ்கூட்டரில் மாமாவுக்கு முன்னால் நின்றுகொண்டு புறப்பட்டேன். சந்துகளில் மெதுவாகப் போனபோதே பிரேக் கொஞ்சம் மெத்தென்று இருந்தது. “புதுசுல்ல, போகப் போக செட்டாவும்” என்றார் மாமா.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்குப் போகிற வழி லேசான இறக்கம். கேட் மூடியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் கூட்ஸ் வண்டி தடதடவென்று போய்க்கொண்டிருந்தது. மாமா பிரேக்கை மிதித்தார். மறுபடி மிதித்தார். பிறகு எழுந்து நின்றே மிதித்தார். வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று.

உடனே படகில் செய்வதைச் செய்தார். என்ஜினை அணைத்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். படகைக் கரைக்கு ஒதுக்க அது சரி. இறக்கத்தில் ஸ்கூட்டருக்கு அது றெக்கை. அடுத்து, கேட்டருகே நின்றவர்களைப் பார்த்து, “கயித்தப் புடி! கயித்தப் புடி!” என்று கத்தினார். கயிறு ஏது? அவர்கள் அவரவர் லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள்.

நான் சும்மா இருந்தேனா? கண்ணை இறுக மூடிக்கொண்டு ஹாரனை அழுத்தினேன். என்ஜின் நின்றதும் ஹாரனும் செத்துப்போயிருந்தது. அதனால் நானே “பாம், பாம்” என்று அலறினேன், கூட்ஸ் வண்டி பயந்து ஒதுங்கிவிடும் என்ற நம்பிக்கையில்.

சர்ரென்று ஒரு சத்தம். பிறகு தோல் கருகும் வாடை. கண்ணைத் திறந்தால், முன்சக்கரம் கேட் கம்பியை முத்தமிட்டு நிற்கிறது. மாமாவின் இரண்டு கால்களும் அம்மா வாங்கித் தந்த ஷூவோடு தரையில். “இன்னொரு தபா காட்டு மாமு, எங்கூட்டுப் பசங்க பாக்கல” என்றார், ஓடிப்போய்த் திரும்பி வந்த ஒருவர்.

சாலையோரம் நெடுக மணல் கொட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். “ஏன் மாமா, அப்படியே சைடுல மணல்ல வுழுந்திருக்கலாமே?”

மாமா என் தலை, தோள், முழங்கால் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். “எனுக்கு வுழத் தெரியாது நைனா” என்றார். ஆடுகிற படகிலிருந்து தலைகீழாகக் கடலில் குதிக்கிற ஆள்! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பெண் வீட்டு வாசலில் அவர் கழற்றி வைத்த ஷூ இரண்டும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. பெண் காப்பித் தட்டோடு வந்தபோது அதைப் பார்த்துவிட்டு, “இன்னா இது, புது ஷூவு இப்டி கீது?” என்று என்னிடம் மெல்லக் கேட்டாள். விடுவேனா? கிரீஸ், கயிறு, கூட்ஸ் எல்லாவற்றையும் நடித்துக் காட்டி, “மாமாவுக்கு வுழக்கூடத் தெரியலக்கா!” என்று முடித்தேன். கூடமே சிரித்தது. மாமா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா என்னைக் கண்ணாலேயே கிள்ளினாள்.

பெண் மட்டும் சிரிக்கவில்லை. தோல் உரிந்திருந்த மாமாவின் குதிகாலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“நீ வண்டில முன்னாடி நின்னுகினா வந்தே?”

“ஆமாக்கா.”

உள்ளே போய் அவள் அப்பாவிடம் சரியென்று சொல்லிவிட்டாள். அத்தை ஷூவைப் பார்த்துத்தான் சம்மதித்தாள் என்று ரொம்ப காலம் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.