அக்கா ஏறாத வண்டி

போன வாரம் ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிக்கப் வண்டி நின்றிருந்தது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஆட்டுக்குட்டி புகுந்து போகலாம், அவ்வளவு தூக்கி வைத்திருந்தார்கள். சொந்தக்காரன் அதைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். எனக்குக் கோபம் வந்தது. அவன் மேல் இல்லை. அவன் என்ன செய்வான் பாவம்.

எங்கள் மாமாவிடம், அதாவது அக்கா வீட்டுக்காரரிடம், ஒரு பழைய பிக்கப் இருந்தது. தறியில் பூட்டுகிற பட்டு நூல் பாவுகளை ஏற்றிக்கொண்டு பெரணமல்லூர் பக்கத்து ஊர்களில் தறி போட்டவர்களிடம் கொடுப்பதும், நெய்த புடவையை வாங்கி வருவதும் இரண்டு பேருக்கும் தொழில். மாமா ஓட்டுவார், பேச மாட்டார். பேச்செல்லாம் அக்காதான். தறிக்குழி ஓரம் உட்கார்ந்தால் அந்த வீட்டுச் சண்டை, சீமந்தம் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் எழுவாள். வீட்டுக்கு வீடு டீ வேறு. வண்டிக்குள் டீசலும் அவள் வைத்த மல்லியும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். எனக்குக் குமட்டும். இப்போது அந்த வாசனைக்கு எங்கே போவது?

சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து அக்காவுக்கு இடது கால் சூம்பிவிட்டது. முதலில் சீட்டில் உட்காருவாள். பிறகு அந்தக் காலைக் கையால் தூக்கி உள்ளே வைப்பாள்.

வழியில் ஒரு தரைப்பாலம். ஒரு மழையில் அங்கே தண்ணீர் ஏறி, வண்டியில் இருந்த பாவு நனைந்துவிட்டது. "வண்டிய தூக்கிடலாம் மாமா" என்று சொன்னது நான்தான். வெல்டிங் பட்டறை வைத்த புதிது, கை சும்மா இருக்காது. ரைஸ் மில்லில் கழித்துப்போட்ட தடித்த இரும்புத் தகட்டை வெட்டி, ஸ்பிரிங் பட்டையைச் சேசிஸோடு பிடிக்கிற பிராக்கெட்டுகளை நீளமாகச் செய்தேன். பாலத்துக் கல்லில் தண்ணீர்க் கறையை அளந்தோம். சைலன்சரை அளந்தோம். அக்காவைக் கேட்கவில்லை.

அவள் வந்து பார்த்தாள். "இன்னாடா இது, தேராட்டம் நிக்குது! நா எப்டி ஏர்றது?"

"படி வச்சித் தரேன்க்கா."

"வா, நா தூக்கி வுட்றேன்" என்று மாமா சிரித்தார்.

"தெருவே பாக்கச்சொல்ல மூட்டையாட்டம் ஏத்துவியா? நல்லாக்கீது உன் ஞாயம்."

படி வைத்தேன். அவளுக்கு எட்டட்டும் என்று தாழ வைத்ததால், சீக்கிரமே ஒரு வேகத்தடையில் இடித்துப் பிய்ந்துபோனது. "இன்னொண்ணு செஞ்சி எடுத்துகினு வரேன்" என்றேன். பட்டறையில் கேட் வேலை குவிந்து கிடந்தது. பொங்கல் முடியட்டும் என்று தள்ளினேன். ஒன்றிரண்டு தடவை கேட்டுப் பார்த்தாள், அப்புறம் விட்டுவிட்டாள். ரோஷக்காரி.

என் பிராக்கெட் ஒன்றுகூட விரிசல் விடவில்லை. அடுத்த மழையில் மற்ற வண்டிகள் கரையில் நிற்க, மாமா வண்டி மட்டும் பாலத்தைத் தாண்டியது. டீக்கடையில் என் முதுகைத் தட்டினார்கள். நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன், மடையன்.

அந்த நாட்களில் ஒரு நடை மாமாவோடு போனேன். வண்டிச் சத்தம் கேட்டு ஒரு தறிக்காரம்மா வாசலுக்கு ஓடி வந்தார். சீட்டில் என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"அக்கா வர்லியா?"

"கால் நோவு" என்றார் மாமா.

பாவு நூலை வாங்கிக்கொண்டு அந்தம்மா உள்ளே போய்விட்டார். டீ வரவில்லை.

இப்போது அங்கே உயரமான பாலம் கட்டிவிட்டார்கள். வெள்ளம் வந்தாலும் வண்டியைத் தொடாது. பழைய பிக்கப் அக்கா ஏறாமலே பல வருஷம் ஓடி, காயலான் கடைக்குப் போயாயிற்று. மாமா போன வருஷம் தாழ்வான சின்ன வண்டி ஒன்று வாங்கினார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டார். "வா, ஒரு நடை போய்ட்டு வர்லாம்."

"அங்க இப்ப யாருக்கு என்னியத் தெரியும்? நீ போய்ட்டு வா."

மாமா கதவைச் சாத்தினார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். என்னை அவள் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். "சாப்ட்டியாடா?" என்று கேட்டாள்.