சாவி வைத்திருந்தவரின் விண்ணப்பம்

அலுவலகங்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு மாற்றித் தரும் நிறுவனத்தில் எனக்கு வேலை. மேசை, நாற்காலி, கோப்பு, கணினி, செடித்தொட்டி எதையும் விட்டுவைக்க மாட்டோம். என் பதவியின் பெயர் மூத்த ஒருங்கிணைப்பாளர். லாரி வரவில்லை என்றால் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் வாடிக்கையாளர் தவிக்கக் கூடாதல்லவா, அதற்காக ஏற்படுத்திய பதவி. பல வருடங்களாக அதில் நிலைத்து நிற்கிறேன். என்னை மேலே தூக்கவும் யாருக்கும் தோன்றவில்லை, கீழே இறக்கவும் தோன்றவில்லை.

போன வருடம் எங்கள் பிரிவுக்குப் புது மேலாளர் வந்தார். என்னைவிட நன்றாகவே இளையவர். திட்ட மேலாண்மையில் ஏதோ பெரிய சான்றிதழ் வாங்கி, பெயருக்குப் பின்னால் நாலெழுத்து போட்டுக்கொள்பவர். கெட்டவராக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். மனிதர் தங்கமானவர். ஒருநாள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார்.

"சார், நீங்களும் இந்த சர்டிஃபிகேட் வாங்கிடலாமே. உங்க அனுபவத்துக்கு இதெல்லாம் ஜுஜுபி."

அந்த ஜுஜுபியை நான் வழியில் எங்கும் சிந்தாமல் வீடுவரை கொண்டுவந்து மனைவியிடம் கொடுத்தேன்.

"அப்ப வாங்கிடுங்க" என்றாள் துணி மடித்தபடி, தக்காளி வாங்கி வரச் சொல்வதுபோல.

விண்ணப்பம் என்றால் பெயர், முகவரி, புகைப்படம் என்றுதான் நினைத்திருந்தேன். கணினியில் திறந்து பார்த்தால் அது என்னை விசாரித்தது. பரீட்சை எழுதுவதற்கு முன்னால், எழுதத் தகுதி உண்டா என்று நிரூபிக்க வேண்டுமாம். நீங்கள் தலைமை தாங்கிய திட்டங்கள் எவை, அவற்றின் நோக்கம் என்ன, அதில் நீங்கள் செய்தது என்ன, முடிவு என்ன, இதெல்லாம் உண்மை என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

ஐந்து திட்டங்களை எழுதினேன். செய்தது என்ன என்ற கட்டத்தில் ஐந்துக்கும் ஒரே வாக்கியம்தான் வந்தது: 'எல்லாவற்றையும் நானே முன்னின்று பார்த்துக்கொண்டேன்.' மனைவி என் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தாள்.

"எல்லாத்தையும் பார்த்தீங்க, சரி. செஞ்சது யாரு?"

எனக்குச் சுருக்கென்றது. அவளே தன் தங்கைக்கு போன் போட்டுவிட்டாள்.

என் மச்சினி ஒரு மென்பொருள் நிறுவனத்தில் திட்ட மேலாளர். இதே சான்றிதழை எப்போதோ வாங்கி, கூட வேலை பார்க்கிற பலருக்கு விண்ணப்பம் எழுத உதவியவள். கல்லூரியில் படித்த காலத்தில், "அத்தான், ஆஃபீஸ் வேலைன்னா எப்படி இருக்கும்?" என்று என்னிடம் கேட்டிருக்கிறாள். நானும் கால்மேல் கால் போட்டு விளக்கியிருக்கிறேன். அதை அவள் மறந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு அவள் வீட்டுக்குப் போனேன்.

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"முதல்ல லைப்ரரி. அதைப் பத்திச் சொல்லுங்க அத்தான்."

"பெரிய வேலைம்மா. லட்சம் புத்தகம். ஒண்ணுகூட தொலையல."

"பிளான் போட்டது யாரு?"

"அப்ப இருந்த மேனேஜர்."

"பட்ஜெட்?"

"அது கணக்குப் பிரிவு."

"எந்த ஆள் எந்த மாடிக்குன்னு பிரிச்சது?"

"லோடிங் மேஸ்திரி."

"நீங்க?"

நான் கொஞ்சம் தண்ணீர் குடித்தேன். "சாவி என்கிட்டதான் இருந்தது."

அவள் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. 'சாவி' என்று தட்டச்சு செய்து, ஒரு கணம் அதைப் பார்த்து, பிறகு அழித்தாள். நூலகம் போயிற்று.

அடுத்தது காப்பீட்டு அலுவலகம். ஐந்து மாடியைக் காலி செய்த கதையை நான் எத்தனையோ விருந்தில் சொல்லியிருக்கிறேன். கடைசி லாரி கிளம்பியபோது ஊழியர்கள் கைதட்டியதைச் சொல்லும் இடத்தில் நானே எழுந்து நின்று கைதட்டிக் காட்டுவேன். அதைச் சொல்ல ஆரம்பித்ததும், உள்ளே தங்கையின் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்த என் மனைவி குரல் கொடுத்தாள்.

"ஏங்க, அப்ப உங்களுக்கு அம்மை போட்டிருந்துச்சே. வீட்டுலதானே படுத்திருந்தீங்க?"

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். கைதட்டலை மேஸ்திரி போனில் சொல்லித்தான் கேட்டேன். சொல்லிச் சொல்லி நானே அங்கே போய் நின்றுவிட்டிருக்கிறேன்.

"கொஞ்சம் மெருகேத்தி எழுதினா என்னம்மா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"மெருகேத்தலாம் அத்தான். அதுக்குக் கீழ மரம் இருக்கணுமே. செக் பண்ணினா மாட்டிக்குவீங்க."

மீதி மூன்றும் அதே கதியை அடைந்த பிறகு காபி வந்தது. அவள் என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "நீங்க எழுதாம விட்டது ஏதாவது இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. அது வேண்டாம். மானக்கேடு."

"சொல்லுங்க."

ஆறு வருடங்களுக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தை மாற்றினோம். வேலை தொடங்கும் வாரத்தில் மேலாளர் ராஜினாமா செய்துவிட்டார். வேறு ஆள் இல்லாததால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மாதிரிகளை வைக்கும் குளிர்பெட்டி ஒன்று, பீரோ மாதிரி நெட்டையானது. புதுக் கட்டடத்தின் லிஃப்ட் கதவை நான்தான் டேப் வைத்து அளந்தேன். கதவை மட்டும். உள்ளே கைப்பிடிக் கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருந்ததை அளக்கவில்லை. குளிர்பெட்டி பாதி உள்ளே போய் நின்றுவிட்டது. லிஃப்ட் மணி விடாமல் அலறியது. படிக்கட்டின் திருப்பத்திலும் அது நுழையாது. மின்சாரம் இல்லாமல் நேரம் ஆக ஆக உள்ளே இருப்பது கெட்டுப்போகும்.

"என்ன செஞ்சீங்க?"

"முதல்ல வியர்த்துது. அப்புறம் பெட்டியைப் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்பி பிளக்கை மாட்டச் சொன்னேன். லேபோட தலைமை டாக்டரம்மா கால்ல விழாத குறையா, ரெண்டு வாரம் ரெண்டு இடத்துல வேலை பாருங்கன்னு கேட்டேன். பழைய கட்டட ஓனர்கிட்ட காலி பண்றதுக்குத் தவணை வாங்கினேன். கிரேன் பிடிச்சு, ஜன்னலைக் கழட்டி, அது வழியா ஏத்தினேன். செலவு எகிறிடுச்சு. எங்க டைரக்டர் எல்லார் முன்னாடியும் என்னை நாறடிச்சிட்டார்."

"மாதிரி ஏதாவது கெட்டுப்போச்சா?"

"ஒண்ணும் கெடல."

மச்சினியின் விரல்கள் அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தன. "அத்தான், ஆபத்து வந்துது, பிளானை மாத்தினீங்க, சம்பந்தப்பட்டவங்களை ஒத்துக்க வெச்சீங்க. அவங்க கேக்கறதே இதைத்தான்."

"ஆனா அது தோல்விம்மா."

"ஜெயிச்சீங்களான்னு யாரும் கேக்கல. நடத்தினீங்களான்னுதான் கேக்கறாங்க."

அன்று மாலை உற்சாகத்தில் வீட்டுக்கு வந்து நானே அதை எழுதினேன். லிஃப்ட் வாசலில் என் மனம் பட்ட பாடு மட்டும் ஒரு பக்கம் வந்தது. அனுப்பிவைத்தேன். உடனே மச்சினியிடமிருந்து பதில் வந்தது: 'இது விண்ணப்பம். ஒப்பாரி இல்லை. ஐந்து வரி போதும்.' ஐந்து வரியாக வெட்டினேன். அதற்குப் பிறகு அவள் இன்னும் தோண்டி, ஒரு பள்ளிக்கூடம், இரண்டு வங்கிக் கிளைகள் என்று நான் மறந்தே போயிருந்த சில்லறை வேலைகளை வெளியே எடுத்தாள். அவற்றில் எனக்கு மேலே யாரும் வர அக்கறைப்படாததால் நானே தலைவனாக இருந்திருக்கிறேன். எல்லாம் சேர்ந்து தகுதிக்கு எப்படியோ எட்டியது. அனுப்பினோம்.

வந்த விண்ணப்பங்களில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் எடுத்துச் சரிபார்ப்பார்களாம். என் வாழ்க்கையில் எந்தக் குலுக்கலிலும் ஒரு சோப்பு டப்பாகூட விழுந்ததில்லை. இதில் விழுந்தது. பரிசோதனைக்கூட வேலைக்கு அப்போதைய மேலதிகாரியின் கையெழுத்து வேண்டும். அதாவது, என்னை நாறடித்த அதே டைரக்டர். இப்போது ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறார்.

போவதற்கு முன் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்துக்கொண்டேன். 'சார், அன்று நடந்தது என் கவனக்குறைவுதான், இருந்தாலும்...' அந்த 'இருந்தாலும்'க்குப் பிறகு என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அவர் வீட்டு வாசலில் பழைய சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கழற்றிய சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அட, நாளைக்கு! வாய்யா!"

அலுவலகத்தில் எனக்கு அப்படி ஒரு பட்டப்பெயர் இருந்தது அன்றைக்குத்தான் தெரியும். எப்போது கேட்டாலும் 'நாளைக்கு முடிஞ்சிடும் சார்' என்று சொல்வேனாம். என் நிஜப் பெயரை அவர் காகிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு ஐந்து வரியையும் நிதானமாகப் படித்தார். புருவம் சுருங்கியது.

"இதுல ஒண்ணு தப்பா இருக்கே."

"எது சார்?"

"'சம்பந்தப்பட்டவர்களுடன் கலந்தாலோசித்து'ன்னு போட்டிருக்கே. நீ எங்கய்யா கலந்தாலோசிச்ச? கெஞ்சின. அந்த டாக்டரம்மா எனக்கு போன் பண்ணி, இவர் அழுதுடுவார் போலிருக்கு, அதனாலதான் ஒத்துக்கிட்டேன்னு சொன்னாங்க."

"மாத்தி எழுதிடவா சார்?"

"வேண்டாம், இருக்கட்டும். கெஞ்சறதுக்கு இந்த சர்டிஃபிகேட்காரங்க வெச்ச பேரு இதுதான் போல." கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் என்னை ரொம்பத் திட்டினீங்க சார்."

"நானா? உன்னையா?" அவர் நிஜமாகவே யோசித்தார். "எத்தனை பேரைத் திட்டியிருக்கேன். எல்லாத்தையும் ஞாபகம் வெச்சுக்க முடியுமா?"

ஆறு வருடங்களாக நான் அந்தத் திட்டலை மடித்து, பத்திரப்படுத்தி, தூக்கம் வராதபோது எடுத்துப் பிரித்துப் பார்த்து வந்தவன். கொடுத்தவரிடம் நகல்கூட இல்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவருடைய சைக்கிளைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். சங்கிலியை மாட்ட அது உதவியாக இருந்தது என்றார்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டது. நான் இனிப்போடு வீட்டுக்குள் நுழைந்தேன்.

"வாங்கிட்டீங்களா சர்டிஃபிகேட்?" என்றாள் மனைவி.

"இல்ல. பரீட்சை எழுத அனுமதி."

"அனுமதிக்கேவா இவ்வளவு!" என்று சொல்லி, பெட்டியைத் திறந்து பெரிய துண்டாக எடுத்துக்கொண்டாள்.

முதல் தடவை தோற்றேன். காரணம் எளிது. குழுவில் இரண்டு பேருக்குள் சண்டை, திட்ட மேலாளர் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு நாலு விடை கொடுத்திருந்தார்கள். நான் என்ன செய்வேனோ அதையே நேர்மையாகக் குறித்தேன்: மேலதிகாரியிடம் சொல்வது. எல்லாக் கேள்விக்கும் அப்படித்தான். மச்சினி கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"அத்தான், நீங்க என்ன செய்வீங்கன்னு அவங்க கேக்கல. நல்ல மேனேஜர் என்ன செய்வார்னு கேக்கறாங்க."

அது எனக்கு நல்ல வழியாகப் பட்டது. இரண்டாம் தடவை ஒவ்வொரு கேள்விக்கும் நான் என்ன செய்வேன் என்று முதலில் கண்டுபிடித்து, அந்த விடையை அடித்துவிட்டேன். மீதி மூன்றில் தேடுவது சுலபமாக இருந்தது. தேறிவிட்டேன்.

சான்றிதழ் வந்த வாரம் புது மேலாளர் எல்லோரையும் கூட்டிக் கைதட்டச் சொன்னார். இந்த முறை நான் நேரிலேயே இருந்தேன். சம்பளம் கொஞ்சம் ஏறியது. இப்போது சிறிய வேலைகளுக்கு நானே திட்டம் போடுகிறேன், போட்டதை மேஸ்திரி மாற்றுகிறார்.

மச்சினி இந்த மாதம் வேறு வீட்டுக்குப் போகிறாள். சாமான்களை மாற்ற எங்களுக்குப் போட்டியான நிறுவனத்திடம் சொல்லியிருக்கிறாள் என்று மனைவி மூலமாகத்தான் தெரிந்தது. போன் செய்து கேட்டேன்.

"தப்பா நினைக்காதீங்க அத்தான்" என்றாள். "சொந்தக்காரங்ககிட்ட வேலை குடுத்தா மனசாரத் திட்ட முடியாது."

நியாயம்தான். அட்டைப்பெட்டிகள் மட்டும் எங்களிடமிருந்து இலவசமாக அனுப்பிவைத்தேன்.